மாஸ்டர் டேப்பை எடுத்த நாள்

மாஸ்டரின் கழுத்தில் ஓர் இன்ச் டேப் எப்போதும் தொங்கும். நாற்பது வருடமாகத் தொங்குகிறது. அதைக் கையில் எடுத்து அவர் யாரையாவது அளந்ததைக் கடையில் ஒருவரும் பார்த்ததில்லை. தொங்கினால்தான் தொழிலுக்கு மரியாதை என்று தொங்கவிட்டிருந்தார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் காவலாளிகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சீருடை தைக்கிற கடை அது. அங்கே துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் அவர். வந்தவர் கண்ணாடிக் கதவைத் தள்ளி, நாலு எட்டு நடந்து, நாற்காலியில் உட்காருவதற்குள் மாஸ்டர் பார்த்து முடித்துவிடுவார். தோள் பதினேழரை, கை இருபத்து நாலு, வலது தோள் அரை அங்குலம் இறக்கம், பை சுமக்கிற ஆள். பில் புத்தகத்தில் எழுதிக் கிழித்து நீட்டி, "வெள்ளிக்கிழமை வாங்க" என்பார். "அளவு எடுக்கலையா?" என்று வந்தவர் விழிப்பார். "எடுத்தாச்சு" என்பார் மாஸ்டர். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாதி தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கிற ட்ரையல் சமாச்சாரமெல்லாம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு. இவருக்கு அளவு உண்மையிலேயே தப்பாது. தேதிதான் தப்பும். அவர் சொல்லும் வெள்ளிக்கிழமை எந்த வாரத்து வெள்ளிக்கிழமை என்று அவருக்கே தெரியாது. தெருவில் அவருக்குக் கண்ணளவு மாஸ்டர் என்று பெயர்.

மனைவிக்குத் தைக்கும் ப்ளவுஸுக்கு அந்தக் கண்ணளவுகூடத் தேவைப்படவில்லை. கல்யாணமான வருடம் பழுப்புக் காகிதத்தில் அவளுக்கு ஒரு பேட்டர்ன் வெட்டி, மேலே 'வீட்டம்மா' என்று எழுதி, கடை ஆணியில் மாட்டினார். முப்பத்து மூன்று வருடமாக அதை வைத்துத்தான் வெட்டுகிறார். ஓரமெல்லாம் நைந்து, அங்கங்கே ஒட்டுப் போட்டு, காகிதம் இன்னும் அதே ஆணியில் இருக்கிறது. தைத்துக் கொண்டுவந்து கொடுத்ததும் "எப்படி?" என்பார். "கச்சிதம்" என்பாள் அவள். "இப்பவே போட்டுக் காட்டேன்" என்றால், "சமையல் வேலை கிடக்கு, நாளைக்குப் போட்டுக்கறேன்" என்பாள். மறுநாள் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். கச்சிதமாகத்தான் இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் சமையலறையில் மேல் அலமாரியிலிருந்து எதையோ எடுக்க ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் சறுக்கியது. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது ஊன்றுகோலும் கையுமாக மகள் வீட்டில் இருக்கிறாள். நின்று வேலை செய்யக் கூடாது, எட்டக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுச் சமையலறையோ எட்டுவதற்கும் குனிவதற்குமென்றே கட்டியது போல இருந்தது. மேலே கூரையைத் தொடும் அலமாரிகள், கீழே தரையோடு ஒட்டிய அலமாரிகள், நடுவில் நின்றால் மட்டுமே கைக்குத் தோதான மேடை.

மகள் பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"அப்பா, அந்தச் சமையலறை அப்படியே இருக்கிற வரைக்கும் அம்மாவை அனுப்ப மாட்டேன். மாசக் கடைசிக்குள்ள ஏதாவது பண்ணுங்க. இல்லன்னா அம்மா இங்கயே இருந்துடட்டும். நீங்க அப்பப்ப வந்து பார்த்துட்டுப் போங்க" என்றாள் போனில்.

வந்து பார்த்துவிட்டுப் போவதாம்! சொந்த மனைவியை ஆஸ்பத்திரி விசிட்டர் மாதிரி போய்ப் பார்க்கவா கல்யாணம் பண்ணினார்? மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். "ஒரு டம்ளர் தண்ணி எடுக்கக்கூட ஆளைக் கூப்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்னா, அங்க வந்து நான் என்னங்க பண்றது?" என்றாள்.

கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். மூன்று மாதம் கழித்துத்தான் ஆள் கிடைக்கும் என்றார். "அப்ப நானே பண்ணிக்கறேன்" என்றார் மாஸ்டர். வாய் முந்திவிட்டது. சொன்ன பிறகுதான், ஆணி அடிக்கக்கூடத் தனக்கு நேராக வராது என்பது நினைவுக்கு வந்தது.

கைகொடுக்க வந்தவர் மச்சான், மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பதினைந்து வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே காலம் தள்ளியதில், யார் எதை வேகமாகச் செய்தாலும் வலது கால் தானாக பிரேக்கை மிதிக்கும். ஆனால் தானே ஒரு வேலையில் இறங்கிவிட்டால் பிரேக் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை, நண்பரிடம் இரவல் வாங்கிய டிரில் மெஷினோடு வந்து இறங்கினார்.

"எங்க மாமா துளை போடணும்?"

"இருடா. துணியை விரிக்காம கத்தரியைத் தொடுவானா எவனாவது? முதல்ல இடத்தைக் காலி பண்ணு."

திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. மேல் அலமாரிகளைக் கழற்றிக் கைக்கெட்டும் உயரத்தில் மாட்டுவது. ஜன்னலோர மேடையையும் அதன் கீழ் அலமாரியையும் எடுத்துவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, காலை உள்ளே நீட்டி வேலை செய்யத் தோதாகத் தாழ்வான பலகை மேடை ஒன்று போடுவது. பலகையை மரக்கடையில் அறுத்துத் தருவார்கள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அளவு சொல்லிவிட வேண்டும். அதை விட்டால் மெஷின் பத்து நாளைக்கு வேறு வேலையில் மாட்டிக்கொள்ளும், மாதமும் முடிந்துவிடும். அறுத்த பலகையைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

முதலில் தண்ணீரை அடைத்தார்கள். மச்சான் வெளியே போய் ஒரு வால்வைத் திருகிவிட்டு வெற்றியோடு வந்தார். ஐந்து நிமிடத்தில் மாடி வீட்டுக்காரர் துண்டோடு, தலை நிறைய சோப்பு நுரையோடு படியில் வந்து நின்றார். மூன்று வீட்டுக்கும் பொதுவான வால்வு அது. மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்து, அதைத் திறக்கச் சொல்லி, தங்கள் வீட்டு வால்வை மட்டும் அடைக்கவைத்தார். பிறகு கேஸை மூடி, அடுப்பைக் கழற்றி, முன்னறையில் இருந்த இஸ்திரி மேஜைமேல் வைத்தார்கள். இனி சமையல், சாப்பாடு எல்லாம் அங்கேதான்.

சாமான்களை எடுத்து வைக்க மச்சான் அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தார். மாஸ்டருக்கு அது பழக்கமில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த வெட்டுத் துணிகளில் மூட்டை கட்டினார். ஒவ்வொரு மூட்டைக்கும் கடை வழக்கப்படி ஒரு சீட்டு. வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் 'மேல்தட்டு, இடது' என்று எழுதினார். டெலிவரி என்ற இடத்தில் கை தானாக 'வெள்ளி' என்று எழுதியது.

"அப்ப பாத்திரத்தைத் திரும்பப் பார்த்த மாதிரிதான்" என்றார் மச்சான்.

காலி செய்யச் செய்ய, மாஸ்டர் தன்னையறியாமல் அந்த அலமாரிகளைப் பழைய சட்டையைப் பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு சட்டையின் காலரையும் முழங்கையையும் பார்த்து அதைப் போட்டவரின் கதையைச் சொல்லிவிடுவார் அவர். மேல்தட்டுக் கைப்பிடிகள் வாங்கிய அன்று போலப் பளபளத்தன. உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. நடுத்தட்டின் வலது ஓரத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. அங்கே கையை ஊன்றி நின்றிருக்கிறாள். தினமும் புழங்குகிற சாமான் எல்லாம் வருடக்கணக்கில் ஒவ்வொரு தட்டாகக் கீழே இறங்கி வந்து ஒரு முழ இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. மேடைக்கடியில் ஒரு மணைப்பலகை. ஏறி நிற்பதற்கு. இது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுப்போரத்து இழுப்பறையில், கரண்டிகளுக்குப் பின்னால், ஒரு பழைய மிட்டாய் டின். திறந்து பார்த்தார். இரண்டு ஊசி, சின்னக் கத்தரி, ஏழெட்டு நிறத்தில் நூல், துணியில் கோடு போடுகிற தையல் சாக் ஒன்று, தேய்ந்துபோனது.

தையல் பெட்டி முன்னறையில் இருக்கும்போது சமையலறையில் ஊசிக்கு என்ன வேலை? பட்டன் கிட்டன் அறுந்தால் தைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, 'சில்லறை' என்று சீட்டு எழுதிக் கட்டிவைத்தார்.

புதன்கிழமை மேடையின் உயரத்தைக் குறிக்க வேண்டியிருந்தது. மாஸ்டர் ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டுவிட்டு மூன்றடி பின்னால் வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவள் அதில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. நிமிர்ந்த முதுகு, விரிந்த தோள், மேடைமேல் பதிந்த முழங்கை. போய் தையல் சாக்கால் சுவரில் ஒரு கோடு இழுத்தார்.

மச்சான், தான் கொண்டுவந்த டேப்பை வைத்துப் பார்த்தார். "இருபத்தொம்பது இன்ச் வருது மாமா. அக்காவை ஒரு தடவை அளந்துட்டு வந்துடலாமே?"

"எடுத்தாச்சு" என்றார் மாஸ்டர்.

மச்சானின் வலது கால் தரையை அழுத்தியது.

பழைய மேடையை எடுக்கச் சுவரை உடைக்கப் போகிறார்கள், தூசி வீடெல்லாம் பறக்கும். வியாழக்கிழமை மதியம், சமையலறை வாசலை மறைக்கப் பெரிய திரை ஒன்று தைக்க உட்கார்ந்தார் மாஸ்டர். இந்த வேலை அவருக்கு அத்துப்படி. பழந்துணி வேண்டும் என்றதும், மனைவி கழித்துப் போட்டு வைத்திருந்த துணிமூட்டையை மச்சான் தூக்கிவந்து போட்டார். முதலில் கைக்கு வந்தது நீல ப்ளவுஸ். பிரித்தால் நல்ல துணி கிடைக்கும். உள்பக்கத்தைத் திருப்பினார்.

பக்கத் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல் இருந்தது. கைத்தையல். நீல நூலில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடிப்பொடியாக. அரை அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்திருந்தது. அடுத்த ப்ளவுஸை எடுத்தார். அதில் அரை அங்குலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கால் அங்குலம். மஞ்சள் ப்ளவுஸில் தோளும் பிடித்திருந்தது. எழுந்து போய் அவளுடைய துணி அலமாரியைத் திறந்தார். போன வருடம் கடைசியாகத் தைத்துக் கொடுத்த பச்சை ப்ளவுஸை எடுத்துத் திருப்பினார். இரண்டு பக்கமும் முக்கால் முக்கால் அங்குலம், தோளில் மடிப்பு, கையில் மடிப்பு, நீளத்தில் ஓர் அங்குலம் ஏற்றி மடித்துத் தைத்திருந்தது. அவர் வெட்டிய ஒரு ப்ளவுஸ்கூட அவர் வெட்டியபடி இல்லை.

மாஸ்டர் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சமையல் வேலை கிடக்கு, நாளைக்குப் போட்டுக்கறேன். எத்தனை தடவை கேட்டிருக்கிறார் அதை! அவர் கடைக்குப் போனதும், அடுப்பில் எதையாவது வேகவைத்துவிட்டு, அந்த மிட்டாய் டின்னைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். பிடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு, மறுநாள் போட்டுக்கொண்டு வந்து நின்று, "கச்சிதம்" என்றிருக்கிறாள். அவரும் மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வழியில் போகிறவனுக்கெல்லாம் தோள் இறக்கம் பார்த்த கண், பக்கத்திலேயே ஒருத்தி வருடா வருடம் சிறுத்துக்கொண்டு வந்ததைப் பார்க்கவில்லையே.

"உனக்குத் தெரியுமாடா?" என்று பச்சை ப்ளவுஸை நீட்டினார்.

மச்சான் திரும்பிப் பார்த்துவிட்டு டிரில் மெஷினைக் கீழே வைத்தார். "பத்து வருஷமா தெரியும், மாமா."

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கல?"

"திறந்தா இந்த வீட்டுப் படியேறக் கூடாதுன்னு அக்கா சொல்லிருந்துச்சு."

மாஸ்டர் எழுந்து சமையலறைக்குள் போனார். சுவரில் இருந்த கோட்டை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து அழித்தார். அந்த நாற்காலியில் அவர் உட்காரவைத்துப் பார்த்தது காகிதத்தில் இருக்கிறவளை என்று இப்போது புரிந்தது. அந்த உயரத்தில் பலகை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் ஏதாவது வழி பண்ணிக்கொண்டிருப்பாள். தோளைத் தூக்கிக்கொண்டே வெட்டி, நறுக்கி, வலியைப் பொறுத்துக்கொண்டு, கேட்டால் கச்சிதம் என்றிருப்பாள். பலகையைப் பிடித்துத் தைக்கவும் முடியாதே. இல்லை, வரவே மாட்டாள். மாஸ்டருக்குக் கண் கலங்கியது. தூசி என்று மச்சானிடம் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். குழாயில் தண்ணீர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பஸ் மாறி மகள் வீட்டுக்குப் போனார். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவள் முன்னால் வந்து நின்றார். கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கையில் எடுத்தார்.

அவள் கையிலிருந்த கத்தி நின்றது. டேப்பைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது, அதிசயமா இருக்கு? கண்ணளவு மாஸ்டர் டேப்பை எடுத்துட்டார்!"

"நேரா உட்காரு."

அவள் சட்டென்று முதுகை நிமிர்த்தி, தோளை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அளவு எடுக்கிறார்கள் என்றால் எல்லோரும் செய்கிற காரியம்தான்.

"அப்படி வேண்டாம்மா. எப்பவும் எப்படி உட்காருவியோ அப்படி உட்காரு" என்றார்.

அவள் மெல்ல மூச்சை விட்டாள். தோள் இறங்கியது, முதுகு வளைந்தது. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாஸ்டர் கீழே முட்டி போட்டு உட்கார்ந்து அளந்தார். தரையிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து விரல் நுனி. கையை மேலே தூக்கச் சொல்லி, "எங்க வலிக்குதோ அங்க சொல்லு" என்றார். தோளுக்கு ஒரு சாண் மேலேயே "போதும்" என்றாள். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். முழங்கை இருபத்தாறரை. இரண்டரை அங்குலம் தப்பு. கடையில் இரண்டரை அங்குலம் தப்பினால் அது அடுத்தவர் சட்டை.

"டின்னைப் பார்த்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பார்த்தேன்."

"ஊசி துருப்பிடிச்சிருக்குமே."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் தட்டில் இருந்த காயை ஒதுக்கிவைத்தாள். "நீங்க யாருக்குத் தைச்சுக் கொடுத்தீங்களோ, அவ நல்லா இருந்தா. அவளைத் துரத்திவிட எனக்கு மனசு வரல."

மாஸ்டர் தரையிலிருந்து எழவில்லை. அவள் முழங்காலின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்றுகொண்டிருந்த மகள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மரக்கடைக்கு எண்ணைச் சொல்லப் போனை எடுத்தார். மனைவி போனைக் கையால் மறைத்தாள்.

"அறுத்துட்டா திருப்பி எடுக்க மாட்டாங்கன்னு தம்பி சொன்னானே. நாளைக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. ஊர்ல இருக்கிற எல்லாரும் ட்ரையல் பார்க்காம வாங்கிட்டுப் போகட்டும். நான் பார்க்காம வாங்க மாட்டேன்."

"அங்க இப்ப சமையலறையே இல்லம்மா" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "வெறும் தூசி."

"போட்டுப் பார்த்துட்டு வந்துடறேன். நீயும் கூட வா."

சனிக்கிழமை பத்து மணிக்கு டாக்ஸி வந்தது. அவள் ஊன்றுகோலை ஊன்றி உள்ளே வந்து, இஸ்திரி மேஜைமேல் இருந்த அடுப்பைப் பார்த்தாள், சீட்டு தொங்கும் மூட்டைகளைப் பார்த்தாள். "வெள்ளின்னு போட்டிருக்கு. எந்த வெள்ளி?" என்றாள். மச்சான் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை, வியர்த்துக்கொண்டிருந்தார். காலியான சமையலறையில் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே கழற்றிய அலமாரிக் கதவு ஒன்றைக் குறுக்காக வைத்து, இருபத்தாறரைக்கு மேடை மாதிரி செய்து வைத்திருந்தார்கள். எதிரில் நாற்காலி.

அவள் உட்கார்ந்தாள். காலை உள்ளே நீட்டினாள். இரண்டு கையையும் கதவுப்பலகைமேல் வைத்து, இல்லாத காயை இல்லாத கத்தியால் நறுக்கிப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டருக்கு, "கச்சிதம்" என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"அரை இன்ச் இறக்கணும்" என்றாள். "தோள் தூக்குது."

மாஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் மேல் வரிசைச் செங்கலுக்குப் பதிலாக ஓடுகளை அடுக்கி இறக்கினார். அவள் மறுபடி நறுக்கினாள். பிசைந்தாள். கையை நீட்டி, எட்டக்கூடிய தூரத்தைப் பலகையில் விரலால் தட்டிக் காட்டினாள். பிறகு கையைத் துடைத்துக்கொள்கிற மாதிரி முந்தானையில் துடைத்தாள்.

"அம்மா, டாக்ஸி நிக்குது. கிளம்பலாமா?" என்றாள் மகள்.

"டிக்கியில என் பை இருக்கு. எடுத்துட்டு வந்துட்டு டாக்ஸியை அனுப்பிடு."

"எந்தப் பை?"

"காலையில நீ குளிக்கப் போனப்ப டிரைவர்கிட்ட கொடுத்து வைக்கச் சொன்னது."

மகள் சுற்றிலும் பார்த்தாள். மூட்டைகள், செங்கல், உடைக்கப் போகிற சுவர். "இந்தத் தூசியில எப்படிம்மா இருப்ப?"

"முன்னறையில இருக்கேன். தூசிக்குத் திரை தைச்சிருக்காரே, பார்க்கலையா? கூடவே இருந்தா இன்னும் ரெண்டு இடத்துல தப்பு சொல்லலாம்." தம்பியைப் பார்த்து, "அந்த டின்னை எடுத்து மாமாகிட்ட கொடுடா. இனிமே பிடிக்கிறது, பிரிக்கிறது எல்லாம் அவரே பார்த்துக்கட்டும்" என்றாள்.

மகள் தலையில் அடித்துக்கொண்டு பை எடுக்கப் போனாள்.

பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. மாஸ்டர் மரக்கடைக்குப் போன் போட்டு, எழுதி வைத்திருந்ததை ஒவ்வொன்றாக நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மேடை உயரம் இருபத்தாறு.

"அளவு சரிதானே மாஸ்டர்?" என்றார் கடைக்காரர். "அறுத்த பிறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"எடுத்..." என்று தொடங்கிய மாஸ்டர், நாற்காலியில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"ட்ரையல் பார்த்தாச்சு" என்றார்.